குழாய்ப் பக்கம், ரயில் பக்கம்

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: டிரில் டீச்சர், மேற்கு வரிசை வாசல்களில் என் வகுப்புப் பெண்கள் ஆறு பேர், கிழக்கு வரிசை வாசல்களில் என்னையும் சேர்த்து ஏழு பேர், எங்கள் வாசற்படியில் ஊதுபத்திப் பலகையோடு என் அம்மா, தன் ஜட்கா வண்டியின் மேல் பீடியோடு எதிர்வீட்டு பாய், வண்டியில் இன்னும் பூட்டாத அவருடைய குதிரை. குதிரையோடு சேர்த்துப் பதினேழு. குதிரையை எதற்கு எண்ணவேண்டும் என்று கேட்கலாம். அந்த வருஷம் நான் எல்லாரையும் எண்ணிக்கொண்டிருந்தேன். யார் தும்மினார், யார் தும்மவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று தும்மியது குதிரை ஒன்றுதான்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஜூனில் பள்ளி திறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, ஃப்ளூ வந்துவிட்டது. கப்பலில் மதராஸுக்கு வந்து, அங்கே ரயிலேறி இங்கே வந்தது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் சந்தின் ஒரு முனையில் தெருக்குழாய், மறு முனையில் ரயில் பாதை. ரயிலில் வருகிற காய்ச்சல் முதலில் எங்கள் சந்தில்தான் இறங்கும் என்று நான் பயந்தேன். அம்மா சிரித்தாள். நான்காம் நாள் அப்பா மில்லிலிருந்து மத்தியானமே திரும்பி வந்து போர்வையைக் கேட்டார். அதற்குப் பிறகு அம்மா சிரிக்கவில்லை. ஒன்பது நாள் படுத்திருந்தார். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ராகிக் களி எங்கே என்று கேட்டார்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் வந்துவிட்டது என்று தினமும் நினைத்தேன். தெர்மாமீட்டர் எங்கள் வீட்டில் ஏது? ஒரு கையைத் தண்ணீர்க் குடத்தின் மேலும் மறு கையை நெற்றியின் மேலும் வைத்துப் பார்ப்பேன். குடம் சில்லென்றுதான் இருக்கும், நெற்றி அதைவிடச் சூடாகத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை காய்ச்சல் கண்டுபிடித்தேன்.

பள்ளியை மூடிவிட்டார்கள். மூடின மறு வாரம்தான் அந்தத் திங்கட்கிழமை. டிரில் டீச்சர் லிங்கராஜபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முழங்கால் வரை ஜடை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பின்னால் முடிந்திருந்தார். நீலகிரித் தைல வாசனை எங்கள் வீட்டு ஊதுபத்தி வாசனையைத் தாண்டி வந்தது. வாயில் அப்படி ஒரு கட்டு எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை. பாய் வண்டி மேலிருந்தபடி, பல் வலியா டீச்சர், கிராம்பு வைத்துக் கடியுங்கள் என்றார். கட்டுக்குள்ளிருந்து டீச்சர் என்னவோ பதில் சொன்னார். அது யாருக்கும் விளங்கவில்லை. இந்த விளங்காமைதான் பின்னால் எங்கள் எல்லாரையும் பாடாய்ப் படுத்தியது.

டீச்சர் வந்த காரணத்தை அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். நின்றிருக்க வேண்டாம். டீச்சர் கைக்குட்டையை அவிழ்த்து, அம்மா கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் சொன்னார்:

"இன்ஸ்பெக்டர் வரப்போறார்ம்மா. பிள்ளைங்க டிரில்லைப் பாத்து நல்லாருக்குன்னு எழுதிட்டா என் வேலை பர்மனென்ட். இல்லேன்னா ஆகஸ்ட்டோட நிறுத்திடுவாங்க. பள்ளிக்கூடம் மூடிக்கீதுன்னு அவர் வராம இருக்க மாட்டார்."

"நிறுத்திட்டா இன்னா பண்ணுவீங்க டீச்சர்?"

"தங்கவயல்ல எங்க மாமா ஒரு மாப்பிள்ளையைப் பாத்து வெச்சிருக்கார். நாப்பது வயசு. வேலை இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லித்தான் இத்தினி நாள் தப்பிச்சுக்கினு கீறேன்."

அம்மா ஊதுபத்தி உருட்டுவதை நிறுத்தினாள். "நாப்பதா? இல்ல, நாப்பதுன்னு அவன் சொல்லிக்கினு கீறானா?"

டீச்சர் கைக்குட்டையை மறுபடி கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அப்பாவின் காய்ச்சல் கவலை போய், தங்கவயல் மாப்பிள்ளையின் கவலை எனக்குப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்தே இராத அந்த மனிதருக்கு ஒரு மீசையும் ஒரு குடையும் நானே கொடுத்தேன். குடையோடு அவர் எங்கள் சந்துக்குள் வருவதுபோல் அடிக்கடி தோன்றும்.

எங்கள் ஆறாம் வகுப்பில் பெண்கள் பதினெட்டு. அதில் பதின்மூன்று பேர் எங்கள் சந்து. மற்ற ஐந்து பேரை வீட்டில் வெளியே விடவில்லை. ஆகவே டீச்சர் எங்கள் பதின்மூன்று பேரை வைத்தே டிரில் கட்டுவது என்று தீர்மானித்தார். யாரும் வாசற்படியை விட்டு இறங்கக்கூடாது. அவரவர் வாசலிலேயே நிற்கவேண்டும். டீச்சர் சந்தின் நடுவில் நிற்பார்.

பள்ளியில் மரத்தால் செய்த டம்பெல் இருந்தது. ஒருத்தி கை பட்டதை இன்னொருத்தி தொடக்கூடாது என்று பெரிய டீச்சர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் இருக்கிற கட்டையை எடுத்து வாருங்கள் என்றார் டிரில் டீச்சர். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் இருந்த கட்டை களி கிண்டுகிற துடுப்புதான். ஒரு முழத்துக்குக் கூடுதலாக, நல்ல கனமாக இருக்கும். மறுநாள் காலையில் பன்னிரண்டு துடுப்புகள் வாசலுக்கு வந்தன. என் அம்மா மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

"நீ அதை வெச்சு ஆடிக்கினு இருப்ப, உங்கப்பாவுக்கு நான் இன்னாத்தாலடி களி கிண்டுறது, கையாலயா?"

பாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குரல் கொடுத்துத் தன் மனைவியின் சப்பாத்திக் கட்டையை வாங்கித் தூரத்திலிருந்தே என் வாசலில் உருட்டிவிட்டார். அவர்கள் வீட்டில் அதற்குப் பேலன் என்று பெயர். இரண்டு பக்கமும் கடைந்த கைப்பிடி, சிவப்பும் பச்சையுமாக வளையம். சந்திலேயே அழகான கட்டை என்னுடையதுதான். அது உடைந்துவிடுமோ என்று முதல் நாளே நினைத்தேன். என் கவலைகளில் பலித்தது குறைவு. அது பலித்தது.

டிரில் இப்படி. கட்டையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே நீட்டவேண்டும், அது ஒன்று. தலைக்கு மேல் தூக்கவேண்டும், அது இரண்டு. மூன்றில் ஒரு பக்கம் சாய்ந்து வீசவேண்டும். நான்கில் மறுபக்கம். வாயைக் கட்டியிருந்ததால் டீச்சர் சொல்வது கேட்காது, விசில் ஊதவும் வழியில்லை. கையைத் தட்டி எண்ணிக்கை காட்டிவிட்டுத் தானும் செய்து காட்டுவார். நாங்கள் பார்த்துச் செய்வோம். எந்தப் பக்கம் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. குழாய்ப் பக்கம் முதலில், ரயில் பக்கம் அப்புறம். பார்த்தாலே தெரிகிறதே.

இன்னொரு சட்டமும் இருந்தது. யாராவது தும்மினாலோ இருமினாலோ எல்லாரும் ஓர் அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இதை எங்களுக்குப் பழக்கிவிட்டது குதிரைதான். அது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தும்மும். மூன்றாம் நாளிலேயே தும்மல் சத்தம் கேட்டதும் பதின்மூன்று கால்கள் ஒன்றாகப் பின்னே போய்விடும். இதில்தான் சுத்தமா செய்றீங்க, டிரில்லில் இல்லை என்று டீச்சர் கைக்குட்டையைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே ஒரு குறை. காலை வெயில் கண்ணில் குத்தும் என்று டீச்சர் மேற்கு வரிசையைப் பார்த்தே நிற்பார். கிழக்கு வரிசையில் இருந்த எங்களுக்கு அவருடைய முதுகும் ஜடையும்தான். மழை மூட்டமாக இருந்த நாளிலும் அவர் திரும்பவில்லை. நாங்கள் சரியாகச் செய்யவில்லை என்றுதான் முகம் காட்டாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டு இன்னும் உஷாராக ஜடையைப் பார்த்தேன். ஜடை போகிற பக்கமே நானும் போனேன். எதிர்வரிசைப் பெண் ஒருத்தி, அவள் வீடு பாய் வீட்டுக்கு அடுத்தது, "எங்களுக்கு மூஞ்சி, உங்களுக்கு வாலு" என்று தினமும் சொல்லிக் காட்டுவாள்.

மூன்று வாரம் இப்படி நடந்தது. மத்தியானத்திலும் விடவில்லை நாங்கள். தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒன்று, இரண்டு. அப்பா படுக்கையில் உட்கார்ந்தபடியே வெறுங்கையால் ஒன்று, இரண்டு செய்வார். படுத்துக் கிடந்த உடம்புக்கு நல்லது என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் கைதட்டுகிற நேரத்தில் அம்மாவின் கையும் அந்தத் தாளத்துக்குக் குச்சியை உருட்டும். டிரில் நடக்கிற நாளில் பத்தி கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் விழுகிறது என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

காய்ச்சல் தணிந்து பள்ளியைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நாங்கள் பதின்மூன்று பேரும் முதல்முதலாக மைதானத்தில் ஒன்றாக நின்றோம். உயரவாரியாக நிறுத்தினதில் கிழக்கும் மேற்கும் கலந்துவிட்டன. எல்லாரும் பெரிய டீச்சரின் மேஜையைப் பார்த்து ஒரே வரிசை. என் பக்கத்தில் அந்த வால் என்று சொன்னவள்.

டீச்சர் முன்னால் நின்று கைதட்டினார். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றில் நான் ஒரு பக்கம் வீசினேன், அவள் எதிர்ப்பக்கம் வீசினாள். அவள் துடுப்பு என் பேலன் மேல் விழுந்த சத்தம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பச்சை வளையமுள்ள கைப்பிடி முறிந்து மண்ணில் உருண்டது. வரிசை முழுக்க டக் டக்கென்று சத்தம். ஒருத்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் முதலில் என்னைத்தான் திட்டினார். சோற்றுக்கை எது என்று தெரியாதா என்றார். எல்லாரையும் சோற்றுக்கையைத் தூக்கச் சொன்னார். பதின்மூன்று பேரும் சரியாகத் தூக்கினோம். நீங்கள் இப்படித்தானே காட்டினீர்கள் என்றாள் எதிர்வரிசைக்காரி. இல்லை, இப்படித்தான் காட்டினார் என்றேன் நான். இரண்டு பேரும் வீசிக் காட்டினோம், எதிரும் புதிருமாக. டீச்சர் எங்கள் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஒருமுறை வீசினார், மறுபடி எங்கள் பக்கம் திரும்பி ஒருமுறை வீசினார். வாயில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு உங்களுது இல்ல பிள்ளைங்களா. ஒரு வரிசைக்கு நான் கண்ணாடி மாதிரி நின்னிருக்கேன், இன்னொரு வரிசைக்கு முதுகைக் காட்டிக்கினு நின்னிருக்கேன்."

மேற்கு வரிசையை மாற்றிப் பார்த்தார். ஆறு பேரும் நின்று நிதானித்து யோசித்துச் செய்தார்கள். யோசித்தால் எண்ணிக்கை தவறியது, தவறினால் பழைய பக்கமே கை போனது. பிறகு எங்களை மாற்றிப் பார்த்தார். நாங்கள் அதைவிட மோசம். இருட்டுகிற நேரத்துக்கு இரண்டு வரிசைக்கும் எந்தப் பக்கமும் நிச்சயமில்லாமல் போனது. டீச்சர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். திட்டாமல் சொன்னார். குடையோடு தங்கவயல் மாப்பிள்ளை மைதானத்து வேலி ஓரம் நிற்பதுபோலவே இருந்தது.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பாயிடம் போனேன். அவர் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். உடைந்த பேலனை இரண்டு கையிலும் வைத்து நீட்டினேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. பேலனுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்தார். இல்லை, டீச்சருக்காக என்று சொல்லி, மைதானத்தில் துடுப்புகள் எப்படி மோதின என்று வீசிக் காட்டினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அரே, நான் தினம் வண்டி மேலேர்ந்து பாக்கறேன். எல்லாக் கட்டையும் ஒண்ணா குழாய்ப் பக்கம் சாயுது, ஒண்ணா ரயில் பக்கம் சாயுது. காத்துல சோளக்காடு ஆடற மாதிரி. சந்துல சரியா இருந்தது மைதானத்துல எப்படி தப்பாப் போச்சு?"

"மைதானத்துல எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நின்னோம் பாய்."

"அப்ப சந்து மாதிரி நில்லுங்களேன். எதிரும் புதிருமா. சந்து இல்லாட்டி இன்னா, நீங்க நின்னா அதான் சந்து."

நான் செருப்பில்லாமல் ஓடினேன். டீச்சர் ரயில் கேட்டருகே போய்க்கொண்டிருந்தார். ஜடையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன். சொன்ன உடனே பயம் வந்தது: இது தப்பாகப் போனால் என்னால்தானே போகும்? டீச்சர் அந்த இடத்திலேயே, கேட் திறக்கக் காத்திருந்த ஜனங்கள் பார்க்க, கையிலிருந்த குடையால் ஒருமுறை வீசி, திரும்பி நின்று ஒருமுறை வீசிப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார். உடனே ஃப்ளூ ஞாபகம் வந்து எடுத்துவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பருத்த, அமைதியான மனிதர். மூக்கில் கைக்குட்டை. மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம்தான் பேசினார். நாங்கள் மைதானத்தில் எங்கள் சந்தை அப்படியே போட்டோம். கிழக்கு வரிசை ஏழு, மேற்கு வரிசை ஆறு, வீட்டு வரிசைப்படி, நடுவில் டீச்சர். என் கையில் அம்மாவின் துடுப்பு. அவளே காலையில் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு இன்று சோறு போதும் என்றாள். இன்ஸ்பெக்டர் நாற்காலி குழாய்ப் பக்கம் அமைந்தது. மைதானத்தில் குழாய் இல்லை. இருந்தாலும் எங்கள் எல்லாருக்கும் அது குழாய்ப் பக்கம்தான்.

டீச்சர் கைதட்டினார். பதின்மூன்று துடுப்புகளும் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சாய்ந்தன, அவரை விட்டு விலகிச் சாய்ந்தன. ஒன்றும் மோதவில்லை. நான் ஜடையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஐந்தாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் தும்மினார். பெரிய தும்மல், குதிரையைவிடப் பெரிது.

எங்களுக்கு யார் சொல்லவேண்டும்? இரண்டு வரிசையும் ஓர் அடி பின்னால் போய், முகத்தைத் திருப்பி, ஒன்று, இரண்டு எண்ணி, முன்னால் வந்து, விட்ட இடத்திலிருந்து கட்டையை வீசினோம். டீச்சர் முகம் வெளுத்துப்போனது என்று எதிர்வரிசைக்காரி பிறகு சொன்னாள். எனக்கு வழக்கம்போல் முதுகுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பெரிய டீச்சரிடம் குனிந்து, அந்த விரிந்து சேர்கிற கட்டம் மிகவும் நன்றாயிருக்கிறது, மறுபடி ஒருமுறை செய்யச் சொல்லுங்கள் என்றாராம். மறுபடி செய்யத் தும்மலுக்கு எங்கே போவது? டீச்சர் யோசித்தார். திரும்பி எங்களைப் பார்த்து, கைக்குட்டைக்குள் பொய்யாக ஒரு தும்மல் போட்டார். நாங்கள் விரிந்து சேர்ந்தோம். சந்து போல் நின்று டிரில் செய்தபோது கிழக்கு வரிசை முதல்முதலாக டீச்சரின் கண்ணைப் பார்த்தது அன்றுதான். அது சிரித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் மாதம் வேலை பர்மனென்ட் ஆனது. தங்கவயல் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அவருக்கு மீசையே கிடையாது என்றும் தெரிந்தது.

அடுத்த வருஷம் பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. ஃப்ளூவில் அப்பாவுக்கு விட்டுப்போன சம்பளம், அம்மாவின் ஊதுபத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. வாசற்படியில் பலகையோடு நானும் உட்கார்ந்தேன். காலையில் டீச்சர் எங்கள் சந்து வழியாகத்தான் பள்ளிக்குப் போவார். எங்கள் வாசலைத் தாண்டினதும் திரும்பிப் பார்க்காமல் இரண்டு தட்டு தட்டுவார். நான் பத்தி மாவின் கரி அப்பிய கையைத் தூக்கிக் குழாய்ப் பக்கம் ஒருமுறை, ரயில் பக்கம் ஒருமுறை சாய்வேன். அவர் பார்க்கமாட்டார். ஆனாலும் அவருக்குத் தெரியும்.

பேலன் கடனை மட்டும் தீர்க்க முடியவில்லை. யோசனை இனாம், பேலன் ஆறணா என்று பாய் அன்றே சொல்லியிருந்தார். டீச்சர் முதல் பர்மனென்ட் சம்பளத்தில் தான் தருவதாக வந்தார். உடைத்தவள் வேறொருத்தி என்று பாய் வாங்கவில்லை. நான் பத்தி உருட்டிய காசைச் சேர்த்துக்கொண்டு போனேன். ஃப்ளூ வருஷம்தான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. ஆறணாவுக்கு முப்பத்தேழரை வருகிறது, அரைப் பைசாவுக்குக் காசு கிடையாது. நான் முப்பத்தெட்டாக நீட்டினேன்.

"முப்பத்தேழு வாங்கினா எனக்கு நஷ்டம். முப்பத்தெட்டு வாங்கினா உனக்கு நஷ்டம்" என்றார் பாய். "இன்னொரு பேலனையும் உடைச்சுட்டு வாம்மா. ரெண்டுக்கும் சேத்து எழுபத்தஞ்சு, கணக்கு சுத்தமா வரும்."

போகும்போதும் வரும்போதும் வண்டி மேலிருந்து, இன்னும் உடைக்கலையா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே இருந்தார், குடும்பத்தோடு அவர் வேறு பேட்டைக்குப் போகிற வரைக்கும். கடன் வைத்துக்கொண்டு தூங்க முடியாதவள் நான். ஆனாலும் இன்னொரு பேலனை உடைக்கத் தைரியம் வரவில்லை. ஆகவே இன்றைக்கும் பாக்கி நிற்கிறது: முப்பத்தேழரை நயா பைசா.